பள்ளிக்கரணைக்கு போலாமா? உங்க கேள்வி, எங்க பதில்

வணக்கம். போன இதழ்ல தென்சென்னைல இருக்கற பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தோட ஓரத்துல இருக்கற எக்கோ பார்க் பத்தி ஒரே ஒரு பக்கம் போட்டிருந்தோம், நடைபாதை, பறவைன்னு நாலு ஃபோட்டோவோட. அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் ரொம்ப ஜாஸ்தி. அதனால இந்த தடவை பக்கம் முழுசையும் அதுக்கே ஒதுக்கிட்டேன். வேற கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

வேளச்சேரி வாசகி: கல்யாணம் ஆகி வந்ததுலேந்து இங்கதான் இருக்கேன், தினமும் அந்த ரோட்டுலதான் ஆபீஸ் போறேன், ஆனா ஒரு நாள் கூட இறங்கி பார்த்ததில்ல. ரெண்டு பசங்க, பெரியவளுக்கு 10 வயசு, சின்னவனுக்கு 6. எங்க போகணும், எத்தனை மணிக்கு போகணும், பசங்களுக்கு போரடிக்காதா?

முதல்ல இடம். துரைப்பாக்கம்-பல்லாவரம் 200 அடி ரோட்டு மேலேயே வனத்துறையோட எக்கோ பார்க் இருக்கு, 2021-ல திறந்தது. சதுப்பு நிலத்தோட கரை ஓரமா நடைபாதை போகுது, நின்னு பார்க்க இடம் இருக்கு, பசங்களை கூட்டிட்டு போக அதுதான் சரியான இடம். தயவுசெஞ்சு ரோட்டு ஓரம் வண்டிய நிறுத்திட்டு பாலத்து மேல நின்னு பார்க்காதீங்க, அந்த ரோட்டுல வர்ற தண்ணி லாரியும் கம்பெனி பஸ்ஸும் வர்ற வேகத்துக்கு குழந்தைகளோட அங்க நிக்கவே கூடாது.

நேரம்னா விடிகாலை. கேட் திறந்த உடனே உள்ள போறவங்களுக்குதான் பாதி பறவை. எட்டரை, ஒம்பது மணிக்கு மேல வெயில் ஏறிடும், பறவைங்க கோரைக்குள்ள ஒதுங்கிடும், பசங்களும் தண்ணி தாகம்னு சிணுங்க ஆரம்பிச்சிடுவாங்க. திறக்கற நேரம், லீவு நாள் எல்லாம் அப்பப்போ மாறுது, அதனால முந்தின நாளே கேட்டுக்கோங்க.

போரடிக்குமான்னு கேட்டீங்க. வேக வேகமா நடந்து ஒரு ரவுண்டு முடிச்சா கண்டிப்பா போரடிக்கும். மிருகக்காட்சி சாலை மாதிரி ஒவ்வொரு கூண்டா பார்த்துட்டு போற இடம் இல்ல இது. ஒரு இடத்துல நிக்கணும், பத்து நிமிஷம் பேசாம நிக்கணும். முதல் ரெண்டு நிமிஷம் தண்ணியும் புல்லும் தவிர ஒண்ணும் தெரியாது, அப்புறம் பாத்தீங்கன்னா அல்லி இலைக்கு நடுவுல ஏதோ ஒண்ணு அசையும். உங்க சின்னவன்கிட்ட ஒரே ஒரு வேலை குடுங்க: "இலை மேல நடக்கற கோழி எங்கன்னு கண்டுபிடி". நீளவால் இலைக்கோழின்னு பேரு, இங்க நிறைய உண்டு. அதோட கால் விரலை பார்த்தா பெரியவங்களுக்கே ஆச்சரியமா இருக்கும், உடம்புக்கு சம்பந்தமே இல்லாம அவ்வளவு நீளம், அந்த விரல்தான் உடம்போட கனத்தை இலை மேல பரப்பி முழுகாம பாத்துக்குது. பெரியவகிட்ட சொல்றதுக்கு இன்னொரு விஷயம் இருக்கு: இந்த பறவைல முட்டைய அடைகாக்கறது, குஞ்சை பாத்துக்கறது எல்லாம் அப்பாதான். பொண்ணு முட்டை போட்டுட்டு அடுத்த ஜோடியை தேடி போயிடும், நாலு முட்டையையும் ஆண்தான் கட்டிக் காக்கும். மழைக்கு முன்னாடி கோடைல போனா அந்த நீள வாலோட பார்க்கலாம், குளிர் காலத்துல வால் இருக்காது, நிறமும் மங்கிடும், வேற பறவையோன்னு நினைச்சிடாதீங்க.

தொப்பி, தண்ணி பாட்டில், மூடின ஷூ, இது மூணும் போதும். பளிச்சுனு சிவப்பு மஞ்சள் ட்ரெஸ் வேண்டாம். பாதைய விட்டு புல்லுக்குள்ள இறங்க விடாதீங்க, இங்க கண்ணாடி விரியன் உண்டு. பயமுறுத்த சொல்லல, பாதைல இருந்தா ஒரு பயமும் இல்ல.

மேடவாக்கம் வாசகர்: பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கணும்னு டிசம்பர்ல ஃபேமிலியோட போனோம். ஒண்ணு கூட இல்ல. நியூஸ்ல மட்டும் ஆயிரக்கணக்குல காட்றாங்களே?

டிசம்பர்ல தண்ணி நிறைய இருக்கும் சார், அதான் காரணம். பூநாரைக்கு கால் நீளம்தான், ஆனா அது சாப்பிடற முறைக்கு ஆழம் கம்மியா இருக்கணும். தலைய தலைகீழா கவுத்து, அலகை தண்ணிக்குள்ள விட்டு, நாக்கால தண்ணிய உள்ள இழுத்து வெளிய தள்ளி, அலகு ஓரத்துல இருக்கற சல்லடைல சிக்கற பாசி, குட்டி குட்டி இறால் வகை உயிரினம் இதையெல்லாம் வடிகட்டி சாப்பிடும். அந்த ரோஸ் கலரே அந்த சாப்பாட்டுல இருந்து வர்றதுதான். வடகிழக்கு மழை ஓய்ஞ்சு தண்ணி வத்த ஆரம்பிச்சு சேறு தெரியற நேரம்தான் அதுங்களுக்கு தோது, ஜனவரி கடைசிலேந்து கண்ணு வெச்சுக்கோங்க, சில வருஷம் வெயில் காலத்துலயும் கூட்டமா நிக்கும். அதுங்க கூடு கட்டறது இங்க இல்ல, குஜராத்ல கட்ச் பக்கம். இங்க வர்றது சாப்பாட்டுக்கு.

ஆனா டிசம்பர் ஒண்ணும் வீண் மாசம் இல்ல. வாத்து கூட்டம் அப்பதான் நிறைய இருக்கும், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன்னு மத்திய ஆசியா, சைபீரியா பக்கத்துலேந்து இமயமலைய தாண்டி வர்ற கூட்டம். அது எல்லாம் தூரத்துல கருப்பு புள்ளியாதான் தெரியும், எப்ப நல்லா தெரியும்னா சேத்துப் பூனைப்பருந்து வரும்போது. கோரைக்கு மேல ரொம்ப தாழ்வா, றெக்கைய கொஞ்சம் மேல தூக்கி வெச்ச மாதிரி அப்படியே மிதந்து வரும், அது வர்ற திசைல இருக்கற வாத்து அத்தனையும் ஒண்ணா கிளம்பும், வானத்துல ஒரு சுத்து சுத்தி திரும்ப இறங்கும். அந்த சத்தம் இருக்கே, கேட்டாதான் தெரியும். அடுத்த டிசம்பர் போனீங்கன்னா வாத்த தேடாதீங்க, பருந்த தேடுங்க, வாத்து தானா தெரியும்.

ஆதம்பாக்கம், ரிட்டயர்டு ஆசிரியர்: பெருங்குடி குப்பை மேடு பக்கத்துலயே இருக்கே. நாத்தம், கொசு. உடம்புக்கு ஆகுமா?

நாத்தம் உண்டு சார், இல்லைன்னு சொல்ல மாட்டேன், காத்து திரும்பினா நல்லாவே வரும். சதுப்பு நிலத்து மேலேயே பல பத்து வருஷமா நகரத்தோட குப்பைய கொட்டினோம், 200 ஏக்கருக்கும் மேல. 2022 ஏப்ரல்ல அங்க பிடிச்ச தீ நாள் கணக்கா எரிஞ்சு, சுத்துப்பட்டு ஏரியா முழுக்க புகை மூட்டம். இப்ப பழைய குப்பைய தோண்டி பிரிச்சு எடுக்கற பயோமைனிங் வேலை நடக்குது, அது முழுசா முடிஞ்சு அந்த நிலம் திரும்ப சதுப்பாவே விடப்படணும்ங்கறது என்னோட ஆசை. மீட்ட இடத்துல ஏதாவது கட்டடம் கட்டலாம்னு யாராவது பேசினா நம்ம எல்லாரும் எதுத்து குரல் குடுக்கணும்.

உங்க கேள்விக்கு வரேன். ஆஸ்துமா, வீசிங் இருக்கறவங்க புகையோ மூட்டமோ இருக்கற அன்னைக்கு போகாதீங்க. மத்தபடி காலைல ஒரு மணி நேரம் நடந்துட்டு வர்றதுல பயப்பட ஒண்ணும் இல்ல. கொசுவுக்கு முழுக்கை சட்டை போதும். சதுப்பு நிலம்னாலே கொசு உற்பத்தி ஆகற இடம்னு நினைக்கறாங்க, மீன் இருக்கற தண்ணில கொசு முட்டை போட்டாலும் புழுவ மீன் விடாது. நம்ம தெருவுல அடைச்சிக்கிட்டு நிக்கற சாக்கடைதான் கொசுவுக்கு சொர்க்கம்.

மடிப்பாக்கம் வாசகர்: கோவமா எழுதறேன், மன்னிக்கணும். 2015-ல வீட்டுக்குள்ள தண்ணி, 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி, ரெண்டு தடவையும் ஃப்ரிட்ஜ், பீரோ எல்லாம் போச்சு. அந்த சேத்த தூர்வாரி ஆழமா ஏரி மாதிரி வெட்டி விட்டா தண்ணி அங்க போயிடும்ல? பறவைக்காக மனுஷன் முழுகணுமா?

உங்க கோவத்துல நியாயம் இருக்கு, மன்னிப்பு எல்லாம் கேக்காதீங்க. ரெண்டு தடவை வீட்டுக்குள்ள தண்ணிய பார்த்தவங்களுக்கு பறவை பேச்சு எரிச்சலாதான் இருக்கும். இதுக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், ஏன்னா அந்த நடைபாதைல நிக்கற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயமே இதுதான்.

தண்ணி எங்கேந்து வருதுன்னு பாருங்க. தென்சென்னைல ஏரி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்த சங்கிலி. செம்பாக்கம் ஏரி நிறைஞ்சா நன்மங்கலம், அது நிறைஞ்சா கீழ்க்கட்டளை, அங்கேந்து நாராயணபுரம், அங்கேந்து பள்ளிக்கரணை. இந்த மாதிரி பல சங்கிலி, வேளச்சேரி, ஆதம்பாக்கம், உங்க மடிப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம்னு சுமார் 250 சதுர கிலோமீட்டர்ல பெய்யற மழை கடைசில வந்து சேர்ற இடம் இது ஒண்ணுதான். சரி, வந்த தண்ணி எப்படி வெளிய போகுது? ஒக்கியம் மடுவுன்னு ஒரே ஒரு வாய், அது வழியா பக்கிங்காம் கால்வாய், அங்கேந்து தெக்கால போய் கோவளம் முட்டுக்காடு முகத்துவாரத்துல கடல். நிலம் கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்கு பக்கம், சரிவே கிடையாது, அதனால தண்ணி ஓடாது, நகரும். புயல் நேரத்துல கடலும் ஏறி நின்னா அந்த நகர்றதும் நின்னுடும். அந்த ரெண்டு மூணு நாள் அவ்வளவு தண்ணியும் எங்கயாவது பரந்து நிக்கணும். முன்னாடி அது பரந்து நிக்க 5,000 ஹெக்டேருக்கும் மேல இருந்துச்சு. இப்ப ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, இருக்கறது 1,247 ஹெக்டேர் சொச்சம். மிச்ச இடத்துல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும்: ரோடு, ஐடி கம்பெனி, ஆஸ்பத்திரி, அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம், அபார்ட்மென்ட், குப்பை மேடு. தண்ணிக்கு அது தெரியாது, பழைய இடத்துக்கே வருது.

இப்ப ஆழமா வெட்டற விஷயம். கேக்க நல்லா இருக்கு, ஆனா வெள்ளத்துக்கு அது உதவாது. ஒக்கியம் மடுவோட மட்டத்துக்கு கீழ எவ்வளவு ஆழம் வெட்டினாலும் அந்த பள்ளம் புயல் வர்றதுக்கு முன்னாடியே, அக்டோபர் மழைலயே, இல்லாட்டி நிலத்தடி ஊத்துலயே நிறைஞ்சு போய் இருக்கும். வெள்ளத்தண்ணிக்கு கிடைக்கறது அந்த மட்டத்துக்கு மேல இருக்கற காலி இடம் மட்டும்தான், அது ஆழத்துல வராது, பரப்பளவுலதான் வரும். ஆழமா வெட்டினா இன்னொண்ணும் நடக்கும், கொக்கு, நாரை, உள்ளான், பூநாரை ஒண்ணுக்கும் கால் ஊன இடம் இருக்காது. பறவைக்கு வேண்டியதும் உங்க வீட்டுக்கு வேண்டியதும் ஒண்ணேதான் சார், ஆழமில்லாத, அகலமான, யாரும் மண்ணு கொட்டாத நிலம். தூர்வார வேண்டியது சதுப்ப இல்ல. அதுக்கு வர்ற கால்வாயையும், ஒக்கியம் மடுவையும், ரோட்டுக்கு அடியில போற சின்ன சின்ன பாலத்தையும். அந்த 200 அடி ரோடு சதுப்ப ரெண்டா வெட்டிக்கிட்டு போகுது, வடக்குல நிக்கற தண்ணி தெக்க போறதுக்கு அந்த பாலத்து கண்ணு மட்டும்தான் வழி. அதுல ஆகாயத்தாமரை அடைச்சா என்ன ஆகும்னு உங்க தெரு பார்த்திருக்கு. மழைக்கு முன்னாடி கார்ப்பரேஷனுக்கு மனு குடுக்கறதா இருந்தா இத கேளுங்க, பக்கத்து நகர் சங்கத்தையும் சேத்துக்கோங்க.

காலேஜ் மாணவி, சோழிங்கநல்லூர்: பேர்டு வாட்சிங் ஆரம்பிக்கணும். கேமரா வாங்கணுமா? எந்த லென்ஸ்?

கேமரா இப்ப வேண்டாம்மா. முதல்ல ஒரு 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம்), கடன் கிடைச்சா இன்னும் நல்லது. கேமரா வாங்கினவங்க நிறைய பேர் படம் பிடிக்கறதுலயே இருந்துட்டு பறவை என்ன பண்ணுதுன்னு பார்க்காம வந்துடறாங்க. மெர்லின் ஆப் ஃபோன்ல போட்டுக்கோ, குரல வெச்சும் படத்த வெச்சும் என்ன பறவைன்னு சொல்லும், ஆனா அது சொன்னத அப்படியே நம்பாம நீயும் பார்த்து முடிவு பண்ணு. பார்த்தத ஈபேர்ட்ல ஏத்து, பறவை பார்க்கறவங்க அவங்கவங்க லிஸ்ட்ட பதிவு பண்ற இணையதளம் அது. நம்ம ஆளுங்க வருஷக்கணக்கா ஏத்தின லிஸ்ட்தான் இந்த இடத்த காப்பாத்தணும்னு பேசறவங்களுக்கு கைல இருக்கற ஆதாரம்.

ஆரம்பத்துல அஞ்சு பறவைய மட்டும் நல்லா பழகு. நெத்தில வெள்ளை நாமம் போட்ட கருப்பு நாமக்கோழி. நீலமும் ஊதாவுமா சிவப்பு அலகோட இருக்கற நீலத் தாழைக்கோழி, இது கோரைத் தண்ட ஒரு காலால பிடிச்சு நிமுத்தி வாய்க்கு கொண்டு போய் உரிச்சு சாப்பிடும், பார்த்துட்டே இருக்கலாம். ரோஸ் கலர் குச்சிக்கால்ல நிக்கற நெடுங்கால் உள்ளான். அலகு ரெண்டும் நடுவுல ஒட்டாம இடைவெளி விட்டு இருக்கற நத்தைகுத்தி நாரை. அப்புறம் கூழைக்கடா. இந்த அஞ்சும் தெரிஞ்சா மத்தது எல்லாம் "இது அது இல்ல"ன்னு தானா பிரிஞ்சு தெரிய ஆரம்பிக்கும். உங்க வீட்டு பக்கத்துல பெரும்பாக்கம் தண்ணிப் பகுதியும் இருக்கே, எக்கோ பார்க் மூடின நாள்ல அங்க போ, தனியா போகாம யாரையாவது கூட்டிட்டு போ.

குரோம்பேட்டை வாசகி: மீனுக்கும் பறவைக்கும் பொரி, பிஸ்கட் போடலாமா? என் மாமியார் புண்ணியம்னு சொல்றாங்க.

அத்தைகிட்ட பக்குவமா சொல்லுங்க, இங்க வேண்டாம். அதுங்களுக்கு வேண்டியது அந்த சேத்துலயே இருக்கு, நத்தை, புழு, விரால் குஞ்சு, கிழங்கு. நம்ம போடற பிஸ்கட் தண்ணில ஊறி கெடும், அதுக்கு காக்காவும் நாயும் வரும், நாய் வந்தா தரைல கூடு கட்டற பறவையோட முட்டை மிஞ்சாது. அந்த பிஸ்கட் காசுக்கு வீட்டு மொட்டை மாடில ஒரு மண் சட்டி தண்ணி வெக்கச் சொல்லுங்க, வெயில் காலத்துக்கு அதுவும் புண்ணியம்தான்.

கொழும்பு, வெள்ளவத்தை வாசகர்: நாங்கள் இங்க பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு பிள்ளைகளோட அடிக்கடி போறனாங்கள். தை மாதம் சென்னைக்கு வாறம். பள்ளிக்கரணையும் அப்படித்தான் இருக்குமோ?

வாங்க அண்ணா, ஆனா பெத்தகானய மனசுல வெச்சுக்கிட்டு வராதீங்க. அங்க மர நிழல்ல பலகைப் பாதைல நடப்பீங்க, ரெண்டு பக்கமும் காடு நெருங்கி இருக்கும். இங்க நிழலே கிடையாது, மொத்தமும் திறந்தவெளி, பாதை ஓரத்தோட நின்னுடும், உள்ள போகாது, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணியும் கோரையும், அதுக்கு பின்னாடி ஓஎம்ஆர்னு சொல்ற பழைய மகாபலிபுரம் ரோட்டு கட்டடங்க. அதனால நடக்கறதுக்கு அங்க நல்லா இருக்கும், பறவைக் கூட்டம் பார்க்கறதுக்கு இங்க. நீங்க வர்ற தை மாசம் ரொம்ப சரியான நேரம். ஒரு விஷயத்துல உங்க ஊர் எங்களுக்கு முன்னாடி போயிடுச்சு, 2018-ல ராம்சார் ஈரநில நகரம்னு அங்கீகாரம் வாங்கின முதல் தலைநகரம் கொழும்புதான், ஊருக்கு நடுவுல மீன்பிடிப் பூனை இன்னும் உயிரோட சுத்திக்கிட்டு இருக்கு. பள்ளிக்கரணைக்கு ராம்சார் அந்தஸ்து 2022-லதான் வந்துச்சு. உங்க பிள்ளைங்க ரெண்டையும் பார்த்துட்டு என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கு கட்டாயம் எழுதுங்க.

தாம்பரம் வாசகர்: அப்பாவுக்கு 74 வயசு, முழங்கால் வலி, ஆனா பறவைன்னா உயிர். நடக்க முடியுமா?

பாதை சமதளம், ஏத்த இறக்கம் இல்ல, மெதுவா நடந்தா முடியும். முழுசும் நடக்கணும்னு அவசியமே இல்ல சார், கேட்லேந்து கொஞ்ச தூரத்துலயே தண்ணி தெரியற இடம் வந்துடும், அங்க உக்கார வெச்சிடுங்க, மடக்கற சின்ன ஸ்டூல் ஒண்ணு கைல இருந்தா கவலையே இல்ல. வெயிலுக்கு முன்னாடி வந்து வெயிலுக்கு முன்னாடி கிளம்பிடணும், அது மட்டும் கண்டிப்பு. உக்கார்ற இடம் சூரியனுக்கு முதுகு காட்டற மாதிரி பாத்துக்கோங்க, காலைல கிழக்க பார்த்து உக்கார்ந்தா எல்லாமே கருப்பு நிழலாதான் தெரியும். உள்ள போறதுக்கு முன்னாடியே பாத்ரூம் எங்கன்னு காவலர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க, வயசானவங்க அத சொல்ல கூச்சப்பட்டுக்கிட்டு அவசரமா கிளம்பிடறாங்க. ஆட்டோல போறதா இருந்தா திரும்ப வர்றதுக்கும் அதே ஆட்டோவ பேசிக்கோங்க, அந்த ரோட்டுல நின்னு கை காட்டினா சீக்கிரம் கிடைக்காது.